ஏழாம் பிளாக்கின் இருபத்தொரு தகடுகள்

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பெனியில் எங்களுக்கு டைரி கொடுத்தார்கள். வருஷம் முக்கால்வாசி போன பிறகு டைரி! அட்டையில் பச்சை மரம் போட்டிருக்கிறது. மகளிர் குழுவில் பதினோரு வருஷம் நடவடிக்கைக் குறிப்பு எழுதிய கை இது. வெறும் தாளைப் பார்த்தால் சும்மா இருக்காது.

எங்கேயோ வெளிநாட்டில் விமானம் விடுகிற புகைக்கு ஈடாக எங்கள் ஊர்ச் செம்மணல் தேரியில் மரம் வைக்கிறார்கள். எவன் வீட்டுப் புகையோ, குடிக்கப்போவது எங்கள் புங்கனும் வாகையும். சிரிப்பாக இருந்தாலும் வேலை வேலைதான். வீட்டுக்காரர் சென்னையில் பலசரக்குக் கடையில் நிற்கிறார். நான் இங்கே சிவப்பு மணலில் பன்னிரண்டு ஆட்களை மேய்க்கிறேன். மேற்பார்வையாளர் சுயம்புக்கனி என்று அடையாள அட்டையே இருக்கிறது.

கன்று இருபதாயிரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு, நம்பர் அடித்த அலுமினியத் தகடு கட்டியிருக்கும். ஒரு கை அந்தத் தகட்டைப் பிடித்திருக்க, கன்றோடு சேர்த்து போனில் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, எந்த ஆள் எடுத்தது என்று ஆப்பே எழுதிக்கொள்ளும். செப்டம்பர் 5 அன்று சரிபார்க்க ஆள் வருகிறது. நூற்றுக்கு எண்பது கன்று உயிரோடு இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்களாம்.

செத்த கன்றைச் செத்தது என்று எழுத வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஆபீசர் ஜெரோம் சாருக்குச் சட்டம் வேறு. "கன்னு சாகலாம்க்கா, நம்பர் சாகக்கூடாது" என்பார். செத்ததன் தகட்டைக் கழற்றிப் புதுக் கன்றுக்குக் கட்டிவிடுவோம். கம்ப்யூட்டருக்கு எதுவும் சாகவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் ஆள், வழிவிட்டான் என்று பெயர், ஊருக்குப் போய்விட்டான். இப்போது அந்த நம்பரில் சேர்மதுரை வேலை பார்க்கிறான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. முழங்கால் வலி. டேங்கர் தண்ணீர் பதினொரு மணிக்குத்தான் வந்தது. டிரைவரிடம் சண்டை போட்டேன், மனசு கொஞ்சம் லேசாயிற்று.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் ஆப்பைத் திறந்தால் ஏழாம் பிளாக்கில் புதிதாக ஒரு படம் ஏறியிருக்கிறது. நம்பர் 7/31. எடுத்தது பன்னிரண்டாம் ஆள். நேரம் 12.40.

சேர்மதுரைக்குக் கம்பெனி போனே கிடையாது. பன்னிரண்டாம் நம்பர் போனை வழிவிட்டான் கையோடு கொண்டுபோய்விட்டான்.

ஜெரோம் சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். போன மாசம் எடுத்த படம் சிக்னல் கிடைத்து இப்போது ஏறியிருக்கும், அந்தப் போனை எவனாவது வாங்கி ஆன் செய்திருப்பான் என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

7/32. அதே 12.40.

ஆகஸ்ட் 23, சனி

7/33, 7/34. நாளுக்கு ஒன்று.

இந்த 31 முதல் 51 வரை இருபத்தொரு கன்றுகளும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இல்லை, எங்கே இல்லை என்று தெரியும். ஆடிக் காற்றில் தேரி இடம் பெயரும். ஒரு வாரத்தில் பனைமர உயரத்துக்கு மணல்மேடு நகர்ந்து வந்து நிற்கும். இந்த வருஷம் அது ஏழாம் பிளாக்கின் மேற்கு ஓரத்தின்மேல் ஏறிக்கொண்டது. இருபத்தொரு கன்றும் குச்சியும் தகடும் அடியில் போயின. கொஞ்சம் கிழக்கே தள்ளி இருபத்தொரு புதுக் கன்று வைத்தோம். பழைய தகடு கிடைக்காததால், அதே நம்பரில் உடன்குடிப் பட்டறையில் புதுத் தகடு அடித்துக் கட்டினேன்.

இன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கை தகட்டைப் பிடித்திருக்கிறது. பட்டறைத் தகடு இல்லை, கம்பெனி முத்திரை உள்ள பழைய தகடு. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கிறது. பக்கத்தில் கன்று, தளதளவென்று துளிர் விட்டு.

போன மாசம் எடுத்த படம் என்றால் துளிர் எப்படி வந்தது? அப்போது அது மொட்டைக் குச்சியாக அல்லவா நின்றது.

வானமே இல்லை படத்தில். கன்றுக்குப் பின்னால், மேலே, பக்கத்தில், எல்லாம் ஒரே சிவப்பு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன், தோசைக்கு அரைத்தேன், கோழிக்கூட்டை அடைத்தேன். 12.40க்குப் போனைப் பார்க்கக்கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். 12.41க்குத் திறந்துவிட்டேன். 7/35.

ஆகஸ்ட் 25, திங்கள்

வழிவிட்டானின் அம்மா போன் செய்தாள். ராக்கு என்று பெயர், கமுதிப் பக்கம் ஊர். ஜூன் மாசம் ஒருநாள் அவன் என் போனில் இருந்து அவளிடம் பேசியிருந்தான். பேச்சா அது, சண்டை. கல்யாணப் பேச்சில் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தவன். அந்த நம்பரை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். இந்த மாசத்தில் இது மூன்றாவது தடவை.

முதல் இரண்டு தடவை சொன்னதையே சொன்னேன். நல்லா இருக்கான், வேலையில நிக்கான், சாயந்தரம் சொல்லுதேன். பொய் சொல்லும்போது என் குரல் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஊருக்குப் போய்விட்டான் என்று 18ஆம் தேதி எழுதினேன். அவன் ஊருக்குப் போகவில்லை என்பது இந்த அம்மாவின் முதல் போனிலேயே தெரிந்துவிட்டது. வேறு எங்கேயாவது போயிருப்பான். திருப்பூருக்குப் போவேன் என்று அடிக்கடி சொல்லுவான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை அவித்தேன், ஒன்று கூட இறங்கவில்லை.

சேர்மதுரை சாயந்தரம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். நல்ல பையன், முப்பது வயசிருக்கும், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கமாட்டான். தினமும் காலை ஏழு மணிக்கு ஷெட்டில் நான் பெயர் கூப்பிடுவேன். பன்னிரண்டாவதாக "வழிவிட்டான்" என்றதும் இவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு மாசமாகச் சொல்கிறான்.

"எனக்கு இந்தப் பேரு வேண்டாம்க்கா" என்றான். "நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாடியே மேட்டுக்கு அந்தால இருந்து ஒருத்தன் இருக்கேம்னு சொல்லுதான். உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்கவில்லை, காதில் மண் அடைத்திருக்கும் போய்க் குளி என்று திட்டி அனுப்பினேன்.

எனக்கும் கேட்கிறது. பத்து நாளாகக் கேட்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

7/40.

நானே போய்ப் பார்த்துவிடுவது என்று 12.30க்கு ஏழாம் பிளாக்குக்குப் போனேன். ஆப் காட்டுகிற இடம் மேட்டின் நடுமண்டை. ஏறிப்போய் நின்றேன். ஆவணி பிறந்தும் காற்று அடங்கவில்லை. நான் வைத்த அடி நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அழிந்துவிட்டது. சுற்றிலும் ஈ காக்கை இல்லை. 12.40க்கு என் கையில் இருந்த போன் மணியடித்தது, படம் ஏறியிருந்தது. இடம், நான் நின்ற இடம். படத்தில் நான் இல்லை. வெயிலும் இல்லை. அதே சிவப்பு, அதே கை, பச்சைக் கன்று.

உள்ளங்காலில் மணல் லேசாக அசைந்தது. காற்றுதான். விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். இந்த முழங்காலோடு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு மேலேயே போயிற்று.

ஆகஸ்ட் 30, சனி

ஜெரோம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயசு, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. முகம் வெளுத்துவிட்டது. போலீசுக்குச் சொல்லிவிடலாம் சார் என்றேன். 5ஆம் தேதி முடியட்டும்க்கா என்றார். ஒரு ஆளைக் காணோம் என்று இப்போது சொன்னால் எல்லோருடைய பிழைப்பும் போய்விடும், ஓடிப்போனவனுக்காக ஊரைப் பட்டினி போடுவீர்களா என்று கேட்டார்.

சரி என்று வந்துவிட்டேன். யாராவது பொறுக்கச் சொல்லமாட்டார்களா என்றுதான் நானும் காத்திருந்தேன் போல.

செப்டம்பர் 1, திங்கள்

இன்றைக்கு நான் செய்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது. எழுதினாலும் வராது.

ராக்கம்மா மறுபடியும் கூப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசச் சொல்லு தாயி, திட்டுனாலும் பரவாயில்ல என்றாள். போனை வைக்கவே மாட்டேன் என்றாள். பக்கத்தில் சேர்மதுரை குடத்தைக் கழுவிக்கொண்டு நின்றான். போனை அவன் கையில் திணித்து, மகன் மாதிரி பேசு என்று கண்ணால் சொன்னேன். "நல்லாருக்கேன்ம்மா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

பிறகு ராக்கம்மா, "குரல் கட்டியிருக்கே, மணல் காத்தாய்யா? சாப்பிட்டியா?" என்றாள்.

அவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உடைமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

செப்டம்பர் 3, புதன்

7/45. கை இப்போது மணிக்கட்டு வரை தெரிகிறது. கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

சரிபார்க்கிற அம்மா பெங்களூரில் இருந்து வந்தார். தொப்பி, கண்ணாடி, கையில் கம்ப்யூட்டர். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மாதிரி. நம்பரை அவர் தேர்ந்தெடுப்பதில்லையாம், கம்ப்யூட்டரே பொறுக்கிக் கொடுக்குமாம். நூறு கன்றுக்கு நடந்தோம். நூற்றிலும் ஏழாம் பிளாக்கில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. 7/44.

ஒரே நம்பருக்கு இரண்டு படம், இரண்டு இடம் இருக்கிறதே என்றார் அவர். மணலில் சிக்னல் தப்பும் மேடம் என்று ஜெரோம் சார் சமாளித்தார். அந்த அம்மா இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டறைத் தகட்டுப் படத்தைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார். இத்தனை ஆயிரம் படத்தில் இந்தப் பன்னிரண்டாம் ஆள் எடுத்ததுதான் சுத்தமாக இருக்கிறது, கன்றும் அருமையாக வளர்ந்திருக்கிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்றார்.

சேர்மதுரையை நிறுத்தினோம். அவர் கைகுலுக்க நீட்டினார். இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று அவர் சிரித்தார்.

நூற்றுக்கு எண்பத்தாறு. தேறிவிட்டோம். எல்லோரும் லட்டு தின்றார்கள்.

செப்டம்பர் 6, சனி

5ஆம் தேதி முடிந்துவிட்டது. இனி எந்தத் தேதிக்குக் காத்திருக்கிறேன்?

சேர்மதுரை வேலைக்கு வரவில்லை. பன்னிரண்டாவது பெயரை நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே மேட்டுப் பக்கம் இருந்து பதில் வந்தது. ஷெட்டில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆக, எல்லோருக்கும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

7/51. இருபத்தொன்றும் முடிந்தது. நான் சொன்ன வரிசை மாறாமல் எடுத்திருக்கிறான்.

நான் சொன்ன வரிசை. எழுதிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது. ஜூலை 24, ஆடி அமாவாசை. ஊர்க்காரர்கள் பாதிப் பேர் கடலில் முழுகி முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தார்கள். மீதிப் பேர் அமாவாசை உச்சிப் பொழுதில் தேரிமேட்டில் கால் வைக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் வைக்கமாட்டார்கள், நானும் வைக்கமாட்டேன். மறுநாளைக்குள் 31 முதல் 51 வரை பழைய தகடு வேண்டும் என்று ஜெரோம் சார் போனில் கத்தினார். வெளியூர்க்காரன் ஒருத்தன்தான் இருந்தான். மண்வெட்டியைக் கொடுத்து, அந்த ஓரத்தில் மணல் இடுப்பளவுதான் ஏறியிருக்கிறது, தோண்டி எடுத்துக்கொண்டு வா என்று நான்தான் அனுப்பினேன். சாயந்தரம் ஆறு மணி வரை பெயர் சொல்லிக் கத்திப் பார்த்தோம். பிறகு, ஓடிப்போய்விட்டான் என்று முதலில் சொன்ன வாய் யாருடையது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னுடையது.

செப்டம்பர் 10, புதன்

இனிப் படம் வராது என்று நினைத்தேன். 12.40க்கு வந்தது.

நம்பர் இல்லை. தகடு இல்லை. கன்றும் இல்லை. சிவப்புக்குள் இருந்து ஒரு கை மட்டும், விரித்து நீட்டியபடி.

செப்டம்பர் 11, வியாழன்

காலை முதல் பஸ்ஸில் ராக்கம்மா வந்து இறங்கினாள். ஒல்லியான பெண்பிள்ளை, என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். மஞ்சள் பையில் மகனுக்கு இரண்டு சட்டை. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"அன்னைக்குப் பேசுனது எம் மகன் இல்ல தாயி. எனக்கு அப்பயே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? யாரு பெத்த பிள்ளையோ, பயந்து பேசுறான், அவனப் போயி என்னத்தக் கேக்கன்னு விட்டுட்டேன். எம் மகன் எங்க?"

அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். நான்தான் அனுப்பினேன் என்றேன். அமாவாசை, மேடு, தகடு, எல்லாம் சொன்னேன். ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. என்னை எழுப்பவும் இல்லை.

பத்து மணிக்கு இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தோம். டைரியையும் போனையும் காட்டினேன். ஜெரோம் சார் தன் போனை அணைத்துவிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

தாசில்தார், இன்ஸ்பெக்டர், டாக்டர், பொக்லைன், ஊர் முழுக்க. கடைசிப் படம் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். மேலே இருந்து சரியச் சரிய வெட்டிப் போட மத்தியானம் ஆகிவிட்டது. ஒருதடவை வாளி மேலே வந்தபோது டிரைவர் அப்படியே நிறுத்திவிட்டான். சிவப்பு மணலுக்குள் வாகைக் கன்று ஒன்று, இலை எல்லாம் பச்சையாக. ஐம்பது நாளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தது. அதன் பிறகு கையால்தான் தோண்டினார்கள்.

மேட்டின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கிறான். வெயிலில் மயங்கிப் படுத்தவன்மேல் மணல் சரிந்து மூடியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். இடுப்பில் கம்பி வளையம், அதில் இருபத்தொரு தகடு, 31இல் இருந்து 51 வரை வரிசையாகக் கோத்து. சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறான். மடியில் போன் இருந்தது. இந்தப் போன் செத்து ஒரு மாசத்துக்கு மேல் இருக்குமே, இதில் இருந்து எப்படி அம்மா படம் வரும் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாளைக்குத்தான் தருவார்களாம். ராக்கம்மாவுக்குப் போக இடமில்லை. கூப்பிட்டேன், என் வீட்டுக்கு வந்தாள். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை அவளுக்கு. சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"அன்னைக்குத் தண்ணி கொண்டுட்டுப் போனானா தாயி?"

இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கவில்லை. ஸ்டேஷனில் நானும் சொல்லவில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை. போகும்போது அவன் குடத்தடியில் நின்று பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தான். நேரமாகிறது என்று நான்தான் பாட்டிலைப் பிடுங்கி வைத்தேன்.

"இல்லம்மா. வந்து குடிக்கலாம்னு நாந்தான் சொன்னேன்."

ராக்கம்மா சொம்பைத் தரையில் வைத்தாள். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் லைட் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ தடவை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததை வாங்கிக் குடித்தாள்.

சொம்பு அங்கேயேதான் இருக்கிறது. எனக்கு எடுக்கக் கை வரவில்லை.